புளியரை எடைமேடை

இரவு பதினொன்றரை.
கணவாய்க் காற்று சாரலை அள்ளிவந்து
சன்னல் கண்ணாடியில் விசிறுகிறது.
வைக்கோல் வண்டி ஒன்று மேடையில் ஏறுகிறது.
"இறங்கி நில்லுங்கண்ணே" என்கிறேன்,
ஓட்டுநரின் உடம்பும் எண்ணில் சேர்ந்துவிடும்.
பதினோராயிரத்து நாற்பது.
லாரியும் வைக்கோலும் நனைந்த தார்ப்பாயும்
எல்லாம் ஒன்றாக.
காலி எடை தெரியாதவரை
இந்த எண்ணை வைத்து யாரும் ஒரு கட்டு வாங்க முடியாது.

வண்டி இல்லாத நேரம் வங்கித் தேர்வுப் புத்தகம்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, தரவு போதுமா பகுதி.
இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டாம்.
விடை கிடைக்குமா என்று சொன்னால் சரி.
கூற்று ஒன்று மட்டும் போதுமா,
இரண்டு மட்டும் போதுமா,
சேர்ந்தால் போதுமா,
சேர்ந்தும் போதாதா.
கணக்கைப் போட்டு முடிப்பவளுக்கு நேரம் போய்விடும்.
மூன்று தடவை அப்படித்தான் போயிற்று.
பாதிக் கணக்கில் எழுந்து வர எனக்கு வராது.

மூட்டையில் தவிடு எத்தனை கிலோ?
ஒன்று: புண்ணாக்கும் தவிடும் ஏழுக்கு மூன்று.
இரண்டு: கலவையில் தவிடு முப்பது சதவீதம்.
இரண்டு சாட்சி என்று முதலில் மகிழ்ந்தேன்.
ஒரே ஆள்தான்,
சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி கூண்டேறியிருக்கிறான்.

கோமதிநாயகம் அண்ணாச்சி பேச்சும் இதே ரகம்.
"லாபத்துல அஞ்சு சதவீதம் ஒனக்கு, முப்புடாதி.
மிச்சம் எனக்கும் மச்சினனுக்கும் மூணுக்கு ரெண்டு."
சதவீதம் சொன்னார், விகிதம் சொன்னார்.
எதில் என்பதை மட்டும்
டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.
ஆனி முதல் தேதி எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.
கும்பிட்டு வாங்கினேன்.

நேற்று மச்சினன் சிவசைலம் வந்தார்,
ஆரியங்காவிலிருந்து ரப்பர் தடி ஏற்றிய வண்டியோடு.
சீட்டுக்குக் காத்திருந்தபோது
போனில் யாரிடமோ சலித்துக்கொண்டார்:
"மூணு மாசம் ஓடியும் ஏம் பங்கு
நாப்பத்தேழாயிரத்து ஐந்நூறுதான்டே."
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
அச்சு எந்திரம் கரகரத்துக்கொண்டிருந்தது.
இப்போது போதும் என்று தெரிந்துவிட்டது.

இங்கேயே நிறுத்து என்கிறது புத்தகம்.
நிறுத்தவில்லை.
இரண்டு பங்கு நாற்பத்தேழரை ஆயிரம்,
ஒரு பங்கு இருபத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பது,
ஐந்து பங்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
சொச்சத்தைச் சொச்சமாக விட மனமில்லை: எழுநூற்றைம்பது.
அது நூற்றில் தொண்ணூற்றைந்து.
நூறு என்றால் ஒன்றேகால் லட்சம்.
பேனா நின்றது.
பூஜ்யங்களை விரலால் தொட்டு மறுபடி எண்ணினேன்.

மூன்றேகாலுக்கு அன்னாசி வண்டி.
"சேச்சி, உறங்கியோ?" என்று ஷிபு கத்தினான்.
"உறங்கினா யாரு அடிக்கிறது சீட்டு?"
அவன் வண்டியின் காலி எடை எனக்கு மனப்பாடம்.
ஒரு பழம் தந்துவிட்டுப் போனான், அதை நிறுக்கவில்லை.

அவன் போனதும் திரையில் பூஜ்யம்.
வெற்றுச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கையால் எழுதினேன்.
வண்டி எண் இருக்கும் இடத்தில் என் பெயர்.
மொத்த எடை 6250.
காலி எடை 4000.
நிகர எடை 2250.
அச்சிட்டிருந்த 'கிலோ'வை அடித்துவிட்டு 'ரூபாய்'.

காலையில் அவர் எண்ணிப் பார்க்கும் கம்பியில்
வைக்கோலுக்கும் அன்னாசிக்கும் நடுவே குத்தினேன்.
தருவாரா என்பது வேறு கேள்வி.
அதற்கு என்னிடம் ஒரு கூற்றுதான் இருக்கிறது.

வளைவில் எவனோ கியரைக் குறைக்கிறான்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு,
இறங்கி நிற்கச் சொல்ல எழுகிறேன்.